இன்ஸ்டாகிராம் கதையில டிசைனர் ஜெயிச்சது எதுவரைக்கும்?

செவ்வகம்:
ப்ராடக்ட் டிசைன் மீட்டப் எதுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் பர்பன் கதைய எடுத்துடுறாங்க. கெவின் சிஸ்ட்ராம் பர்பன்னு, எந்த இடத்துல இருக்கோம்னு நண்பர்களுக்குச் சொல்ற ஒரு செக்-இன் ஆப் பண்ணாரு, 2010 மார்ச்ல அஞ்சு லட்சம் டாலர் முதலீடு கிடைச்சுது, மைக் க்ரீகர் வந்து சேந்தாரு, ஆப்புக்குள்ள இல்லாத வசதியே இல்ல ஆனா ஜனங்க போட்டோ போடுறத மட்டும்தான் ஆசையா பண்ணாங்க, அதனால போட்டோ, கமெண்ட், லைக் மூணையும் வச்சுட்டு மிச்சத்த எல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்க, அதுதான் இன்ஸ்டாகிராம்னு அக்டோபர் 6 ஆப் ஸ்டோர்ல வந்துச்சு, மொத நாளே 25,000 பேரு. எல்லாரும் கைதட்டிட்டு டீ குடிக்கப் போயிடுறோம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நமக்கு வேணும்னு நான் நினைக்கிறேன். 2010ல அந்த ரெண்டு பேரு வெட்டினாங்க, யார்கிட்டயும் கேக்கல, கேக்க ஆளும் இல்ல. 2018ல அதே ரெண்டு பேரு, நூறு கோடி யூசர் வச்சுக்கிட்டு, செப்டம்பர்ல ராஜினாமா லெட்டர் குடுத்துட்டுப் போனாங்க. ரசனை போயிடுச்சா? இல்லையே. 2012ல ஃபேஸ்புக்குக்கு வித்ததுக்கு அப்புறம், ஒரு பட்டன் வேணும் வேண்டாம்னு முடிவு பண்ற கடைசி வார்த்தை அவங்ககிட்ட இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். என் கட்சி இதுதான்: நல்ல டிசைன் டீம்னு நாம சொல்றது பாதிக்கு மேல 'வேண்டாம்'னு சொல்ல அதிகாரம் உள்ள டீம். மாத்துக் கருத்து இருந்தா வாங்க.

பேக்எண்ட்_பாண்டி:
டிசைனர்களுக்கு எல்லாமே டிசைனாத்தான் தெரியும் ப்ரோ 😄 இன்ஸ்டா ஜெயிச்சதுக்கு வேகம்தான் காரணம், அத யாரும் ஸ்லைடுல போட மாட்டேங்குறீங்க. 2010ல போன்ல போட்டோ அப்லோட் பண்றது எவ்வளவு கொடுமைன்னு ஞாபகம் இருக்கா. க்ரீகர் 2011ல ஒரு டாக் குடுத்தாரு, அதுல சொன்ன டெக்னிக்க இன்னிக்கும் பாதி ஆப் பண்றதில்ல. நீங்க போட்டோவ செலக்ட் பண்ணி கேப்ஷன் டைப் பண்ணிட்டு இருக்கும்போதே பின்னாடி அப்லோட் ஆரம்பிச்சுடும். நீங்க முடிச்சுட்டேன்னு பட்டன் அமுக்குறப்ப போட்டோ ஏற்கனவே சர்வருக்குப் போயிருக்கும், உங்களுக்கு என்னமோ கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள போஸ்ட் ஆன மாதிரி இருக்கும். கேன்சல் பண்ணா? அழிச்சுடுவாங்க, கொஞ்சம் டேட்டா வீண், பரவால்லன்னு விட்டுட்டாங்க.

லைக்கும் அப்படித்தான், ஹார்ட்ட அமுக்கினதும் சர்வர் பதில் வர்றதுக்கு முன்னாடியே செவந்துடும், ரிக்வெஸ்ட் பின்னாடி நிதானமா போகும், ஃபெயிலானா திரும்ப அனுப்பும்.

சதுர போட்டோன்னு எல்லாரும் போலராய்டு நினைவு அழகியல்னு பேசுவீங்க, ஆனா அந்தக் காலத்துல படம் 612க்கு 612 பிக்சல் தான், சின்ன ஃபைல், சீக்கிரம் ஏறிடும். அழகும் வேகமும் ஒரே முடிவுல வந்துச்சு.

இன்னொன்னு, லாஞ்ச் அன்னிக்கு அவங்க வச்சிருந்தது ஒரே ஒரு மெஷின், மேக்புக் ப்ரோவ விட வீக்கானதுன்னு க்ரீகரே சொல்லியிருக்காரு. கூட்டம் வந்ததும் திணறுச்சு, லாக்ல பாத்தா ஃபேவ்ஐகான், அதான் பிரவுசர் டேப்ல தெரியுற குட்டிப் படம், அந்த ஃபைல் வைக்க மறந்துட்டாங்களாம், ஒவ்வொரு தடவையும் ஜாங்கோ (சர்வர்ல ஓடுன வெப் மென்பொருள்) அதத் தேடித் தேடி ஃபைல் இல்லன்னு 404 எரர் கக்கிட்டு இருந்துச்சாம். நூறு கோடி டாலர் கம்பெனியோட மொதல் பக் ஒரு குட்டி ஐகான். இத நான் என் ஜூனியர் பசங்ககிட்ட அடிக்கடி சொல்லுவேன்.

செவ்வகம்:
பாண்டி ப்ரோ, நீங்க சொன்னது எல்லாமே டிசைன்தான், காத்திருக்கிற நேரத்த எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னு முடிவு பண்றது டிசைன் இல்லாம வேறென்ன. ஆனா பாருங்க, "கேன்சல் பண்ணா டேட்டா வீண், பரவால்ல"ன்னு சொன்னீங்கல்ல, அந்த பரவால்லய யார் சொன்னா? ஃபவுண்டர் சொன்னாரு. நம்ம ஊரு கம்பெனில இதக் கேட்டா சர்வர் செலவு யாரு குடுப்பான்னு மூணு மீட்டிங் நடக்கும். என் பாயிண்ட்டுக்குத்தான் நீங்க உதாரணம் குடுத்திருக்கீங்க.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சிவசப்படாம பணத்தப் பாப்போம். 2012 ஏப்ரல் 3 ஆண்ட்ராய்டு ஆப் வந்துச்சு, ஒரே நாள்ல பத்து லட்சம் டவுன்லோட். ஏப்ரல் 9 ஃபேஸ்புக் வாங்குறதா அறிவிப்பு, நூறு கோடி டாலர், அப்ப கம்பெனில 13 பேரு, வருமானம் சைபர். அதுல ரொக்கம் 30 கோடி, மீதி ஏறக்குறைய 2.3 கோடி ஃபேஸ்புக் ஷேர். மே மாசம் ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வந்து விலை சரிஞ்சுது, செப்டம்பர்ல டீல் முடியுறப்ப மொத்த மதிப்பு 71.5 கோடி டாலர் பக்கம்தான் தேறுச்சு. இத யாரும் சொல்றதில்ல, நூறு கோடின்னு ரவுண்டா சொன்னாத்தான் கேக்க நல்லா இருக்கு போல.

சிஸ்ட்ராம் கம்பெனிய வித்தாரு தம்பி. வித்ததுக்கு அப்புறம் 'வேண்டாம்'னு சொல்ற உரிமையும் சேத்துதான் வித்தாச்சு. வீட்ட வித்துட்டு, புதுசா வந்தவன் முற்றத்து வேப்பமரத்த வெட்டிட்டான்னு அழுதா எப்படி?

செவ்வகம்:
கணக்கு சார், நியாயமான கேள்வி. ஆனா தனியா நடத்துவோம்னு அப்ப வாக்குக் குடுத்துதான் வாங்கினாங்க. கொஞ்ச வருசம் அது நடந்துச்சு கூட. 2013 நவம்பர்ல மொத விளம்பரம் வந்தப்ப ஒவ்வொரு விளம்பரத்தையும் சிஸ்ட்ராமே பாத்து ஓகே பண்ணாருன்னு செய்தி வந்துச்சு, பளபளன்னு கத்துற விளம்பரம் உள்ள வரக்கூடாதுன்னு. வளர்ச்சியே மதம்னு இருக்குற ஒரு கம்பெனிக்குள்ள உக்காந்துக்கிட்டு அப்படிப் பண்றதுக்குத் தில்லு வேணும்.

சும்மாதான்வந்தேன்:
பாப்கார்ன் எடுத்துட்டேன் 🍿

ஓஎம்ஆர்_பிஎம்:
செவ்வகம் ப்ரோ சாமியார் ஆக்காதீங்க அவங்கள. ஸ்டோரிஸ் யாரு பண்ணா? 2016 ஆகஸ்ட் 2, சிஸ்ட்ராம்தான் தலைமை. ஸ்நாப்சாட்ல இருந்து அப்படியே, பேரு கூட மாத்தாம எடுத்தாங்க. கேட்டதுக்கு க்ரெடிட் எல்லாம் அவங்களுக்குத்தான்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அடுத்த ஏப்ரலுக்குள்ள தினம் 20 கோடி பேரு ஸ்டோரிஸ் பாத்தாங்க, ஸ்நாப்சாட் முழு ஆப்புக்கே அப்ப 16 கோடி பக்கம்தான். ஸ்நாப்சாட் தலைவர் ஈவான் ஸ்பீகல் 2013ல ஸக்கர்பெர்க் குடுத்த 300 கோடி டாலர வேண்டாம்னு சொன்னவரு, 'வேண்டாம்'னு சொல்ற அதிகாரம் அவர்கிட்டயும் இருந்துச்சே, என்ன ஆச்சு?

டைம் வரிசைய தூக்கிட்டு அல்காரிதம் ஃபீட் கொண்டு வந்தது எப்ப? அதுவும் 2016, அதுவும் இவங்கதான். நீங்க பாக்க வேண்டியதுல 70 சதவீதம் உங்க கண்ணுலயே படாமப் போகுதுன்னு காரணம் சொன்னாங்க. சொன்னது உண்மைதான், நிறைய பேர ஃபாலோ பண்ணா வரிசைப்படி பாத்து முடிக்க முடியாது. ஆனா அந்தக் கதவத் தொறந்து விட்டது இவங்க, அப்புறம் வந்தவன் அது வழியா லாரியே ஓட்டிட்டான்.

செவ்வகம்:
இது நல்ல அடி. ஸ்டோரிஸ் காப்பிதான், சந்தேகமே இல்ல. ஆனா எங்க வச்சாங்கன்னு பாருங்க. ஃபீட்ட தொடல. மேல வட்ட வட்டமா ஒரு வரிசை, வேணும்னா தட்டு, வேண்டாம்னா கீழ போ. அந்தக் காலத்துல இன்ஸ்டால போட்டோ போடவே எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு, ஒவ்வொண்ணும் மேகசின் கவர் மாதிரி இருக்கணும்னு ஒரு பிரஷர், அதனால போடுறது குறைஞ்சுது. 24 மணி நேரத்துல மறையுறது, பொதுவுல லைக் எண்ணிக்கை இல்லாதது, இது ரெண்டும் அந்த பயத்துக்கு மருந்து. காப்பி அடிச்சாலும் நோய் என்னன்னு தெரிஞ்சு அடிச்சாங்க.

அதே கம்பெனி அதே அம்சத்த வாட்ஸ்அப், மெசஞ்சர், ஃபேஸ்புக்னு எல்லாத்துலயும் ஒட்டுச்சு. ஃபேஸ்புக்ல ஆரம்பத்துல அந்த வட்டம் எல்லாம் ஆள் இல்லாம காலியாவே கிடந்துச்சு, சாம்பல் கலர்ல நண்பர்கள் முகத்தப் போட்டு ரொப்பினாங்க பாவம்.

மலர்_ரீல்ஸ்:
நீங்க எல்லாரும் படிச்சவங்க பேசுறீங்க, நான் யூசர் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லலாமா. நான் திண்டுக்கல் பக்கம். டிக்டாக்ல இருந்தேன், சமையலும் காமெடியும் போடுவேன், எனக்கு யாரையும் தெரியாது ஆனா வீடியோ நல்லா இருந்தா அது எங்கெங்கயோ போகும். ஃபாலோயரே இல்லாதவங்க வீடியோ கூட ஓடும். மாட்டுக்குத் தண்ணி வச்சிக்கிட்டே டான்ஸ் ஆடுன அண்ணன எல்லாம் ஊரே பாத்துச்சு. 2020 ஜூன் 29 ராத்திரி தடைன்னு நியூஸ் வந்துச்சு, 59 ஆப், எங்க வீடியோ எல்லாம் போச்சு.

அதுக்கு முன்னாடியும் இன்ஸ்டா போன்ல இருந்துச்சு, ஆனா உள்ள போனா ஏதோ பெரிய வீட்டு கல்யாணத்துக்கு அழைப்பில்லாமப் போன மாதிரி கூச்சமா இருக்கும், எல்லாரும் மலை, காபி, வெள்ளச் சுவருனு போடுவாங்க. நீங்க சொல்ற அந்த ரசனை இருக்குல்ல தம்பி, அது எங்கள வெளிய நிக்க வச்ச ரசனை. ஜூலை 8 ஆம் தேதி ரீல்ஸ் இங்க டெஸ்டுக்கு வந்துச்சு, அதுக்கு அப்புறம்தான் எங்க ஊரு ஆளுங்க இன்ஸ்டாவுல வாய் தொறந்தாங்க. அதனால ரீல்ஸ் வந்து இன்ஸ்டா கெட்டுப் போச்சுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

பேக்எண்ட்_பாண்டி:
அக்கா 🔥🔥

ஓஎம்ஆர்_பிஎம்:
இந்த இழையிலயே உருப்படியான கமெண்ட் இதுதான். மலர் அக்கா சொன்னத நம்ம பாஷைல சொன்னா, இன்ஸ்டா நீங்க யாரை ஃபாலோ பண்றீங்களோ அந்த வலைய வச்சுக் கட்டுனது, டிக்டாக் நீங்க எத எவ்வளவு நேரம் பாக்குறீங்கங்கறத வச்சுக் கட்டுனது. முதல் வகைல ஏற்கனவே பேர் இருக்கறவனுக்குத்தான் பேர். ரெண்டாவதுல புதுசா வந்தவனுக்கும் ஒரு சான்ஸ் இருக்கு, ஆனா உங்க சொந்தக்காரப் பொண்ணு போட்ட போட்டோ உங்களுக்கு வராது. ரெண்டும் ஒரே ஸ்க்ரீன்ல வேணும்னா சண்டை வரத்தான் செய்யும்.

தடை வந்து பத்தே நாளுக்குள்ள டெஸ்ட் விட்டாங்கன்னா எவ்வளவு நாளா ரெடியா வச்சிருந்திருப்பாங்கன்னு யோசிங்க. ஏற்கனவே பிரேசில்ல ஓட்டிப் பாத்துட்டாங்க. ஆகஸ்ட் 5க்குள்ள 50 நாட்டுல விட்டாச்சு.

செவ்வகம்:
மலர் அக்கா, நீங்க சொன்னத மறுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. ரீல்ஸ் வந்ததுல எனக்குப் பிரச்சனை இல்ல, அத எங்க சொருகினாங்கங்கறதுலதான். 2020 நவம்பர்ல கீழ பட்டையில நடுவுல இருந்த போஸ்ட் போடுற ப்ளஸ் பட்டன எடுத்து மேல மூலைல வச்சாங்க, அந்த இடத்துல ரீல்ஸ். நோட்டிஃபிகேஷன் ஹார்ட் இருந்த இடத்துல ஷாப். கட்ட விரல் பத்து வருசமா பழகின இடம். நீங்க தினம் வீடியோ போடுறவங்க, உங்களுக்கே போடுற பட்டன் தூரமாப் போச்சு. போடுறத விட பாக்குறதும் வாங்குறதும்தான் இனிமேன்னு அந்த ஒரு நகர்த்தல்ல சொல்லிட்டாங்க, அறிக்கையே வேண்டாம்.

மலர்_ரீல்ஸ்:
ஆமா அது உண்மை, ஹார்ட் பாக்கணும்னு ஷாப்பத் தட்டி ஷாப்பத் தட்டி எரிச்சல் ஆச்சு. நைட்டி விளம்பரமா வரும்

ஸ்கார்பரோக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும், நான் கனடாவில இருந்து. லைக் எண்ணிக்கையை மறைச்சுப் பாத்தவங்கள் தானே, அந்த டெஸ்ட் 2019 மே மாதம் முதல் முதல் எங்கட நாட்டிலதான் தொடங்கினது. ஒரு நாள் திறந்து பாத்தா மற்றவையின்ர போட்டோவுக்கு எத்தனை லைக் எண்டு இல்லை, இன்னாரும் இன்னும் சிலரும் எண்டு மட்டும் கிடக்கு. உங்கட சொந்தப் போட்டோவுக்குத் தட்டினா மட்டும் தெரியும். என்ர தங்கச்சி அப்ப பள்ளிக்கூடம் படிச்சவ, அவவுக்குப் பெரிய நிம்மதி. சின்னதா வியாபாரம் செய்யிற பெடியள் கத்தினவங்கள், லைக் காட்டித்தானே அவங்கள் ஸ்பான்சர் பிடிக்கிறது.

இரண்டு வருசம் இழுத்தடிச்சு 2021 மே மாதம் விரும்பினா மறையுங்கோ எண்டு ஒரு செட்டிங்கா விட்டுட்டினம். இன்ஸ்டா தலைவர் ஆடம் மொசேரி சொன்னவர், சிலருக்குப் பிடிச்சது சிலருக்குப் பிடிக்கேல்ல எண்டு. எனக்கு விளங்காத விசயம் என்னெண்டா, ஒரு முடிவை எடுக்கேலாத நேரம் எல்லாம் செட்டிங் எண்ட குப்பைக் கூடைக்குள்ள போடுறது டிசைனா?

செவ்வகம்:
அண்ணே அருமையாச் சொன்னீங்க. செட்டிங்ஸ் பக்கம் நீளமா இருக்குற எந்த ஆப்பையும் பாருங்க, உள்ள ரெண்டு கோஷ்டி சண்டை போட்டு முடிவு ஆகாம இருக்கும். டீஃபால்ட், அதான் நாம எதுவும் மாத்தாம இருந்தா வர்றது, எதுன்னு பாத்தாலே யாரு ஜெயிச்சான்னு தெரிஞ்சுடும். இங்க டீஃபால்ட் லைக் தெரியுறதுதான்.

கணக்குப்பிள்ளை:
மொசேரிய மட்டும் திட்டாதீங்க. அந்த ஆளு டிசைனரா ஆரம்பிச்சு மேல வந்தவரு. 2022 ஜூலைல ஃபீட்ட ஃபுல் ஸ்க்ரீனா மாத்தி டெஸ்ட் விட்டாங்க, ஃபாலோ பண்ணாத ஆளுங்க வீடியோ எல்லாம் கொட்டுச்சு, இன்ஸ்டாவ மறுபடி இன்ஸ்டாவா ஆக்குங்கன்னு ஒரு மனு சுத்துச்சு, கைலி ஜென்னர், கிம் கர்டாஷியன் எல்லாம் அத ஷேர் பண்ணாங்க, ரெண்டு மூணு நாள்ல டெஸ்ட்ட வாபஸ் வாங்குறதா அவரே சொன்னாரு. வேண்டாம்னு சொன்னாருல்ல?

செவ்வகம்:
சொல்ல வச்சாங்க சார். வாபஸ் வாங்கினது ஃபுல் ஸ்க்ரீன் டெஸ்ட்டத்தான், பரிந்துரை வீடியோவ கொஞ்ச நாளைக்குக் குறைக்கிறோம்னாரு, அப்புறம் வரத்தான் செஞ்சுது. போட்டோ பகிர்ற ஆப்பா நாங்க இனிமே இல்லன்னு 2021 ஜூன் கடைசிலயே வீடியோ போட்டுச் சொன்னவருதானே. திசை மாறல, வேகத்த மட்டும் குறைச்சாங்க.

ஓஎம்ஆர்_பிஎம்:
கோர்ட் கேஸ் யாரும் எடுக்கலயே. சந்தைப் போட்டியக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்டிசி, ஏகபோகம்னு மெட்டா (ஃபேஸ்புக் கம்பெனியோட புதுப் பேரு) மேல போட்ட வழக்கு, 2025 ஏப்ரல்ல விசாரணை. ஸக்கர்பெர்க்கோட பழைய மெயில் எல்லாம் வெளிய வந்துச்சு, போட்டி போடுறத விட வாங்குறது மேல்னு 2008லயே எழுதியிருக்காரு, 2012ல இன்ஸ்டா வாங்குறப்போ போட்டிக்கு வரக்கூடிய ஆள முடக்குற கணக்கும் எழுத்துலயே இருக்கு. சிஸ்ட்ராம் சாட்சிக் கூண்டுல ஏறி, ஃபேஸ்புக்குக்கு நாங்க மிரட்டலா இருக்கோம்னு நினைச்சு ஆளும் பணமும் குடுக்காம இழுத்தாங்கன்னாரு. 2018ல இன்ஸ்டாவ தனிக் கம்பெனியாப் பிரிச்சு விட்டுடலாமான்னு ஸக்கர்பெர்க்கே ஒரு மெயில்ல யோசிச்சிருக்காரு, அது இன்னும் ஆச்சரியம்.

கடைசில நவம்பர் 18 நீதிபதி போஸ்பெர்க் தீர்ப்பு குடுத்தாரு, மெட்டா ஜெயிச்சுது. டிக்டாக்கும் யூடியூபும் போட்டிக்கு இருக்கு, இப்ப ஏகபோகம் இல்லன்னு.

செவ்வகம்:
அந்தத் தீர்ப்புல வர்ற ஒரு நம்பர்தான் என்னை இந்த இழைய ஆரம்பிக்க வச்சுது. இன்ஸ்டால ஜனங்க செலவு பண்ற நேரத்துல நண்பர்கள் போட்டதப் பாக்குறது 7 சதவீதம். ஃபேஸ்புக்ல 17. இத எஃப்டிசி சொல்லல, மெட்டா தரப்பு வாதத்துக்கு உதவுன நம்பர் இது. நாங்க நண்பர்களுக்கான ஆப்பே இல்லீங்க, வீடியோ பாக்குற இடம், டிக்டாக் மாதிரின்னு சொல்லித்தான் ஜெயிச்சாங்க. பத்து வருசமா டிசைனர்கள் ஃபீட்ட விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்து வந்தது கடைசில கம்பெனிக்கு கோர்ட்ல கேடயமா நின்னுச்சு. யாரும் ப்ளான் பண்ணல இத. ஆனா கணக்கு சார், பணக் கணக்குப்படி பாத்தா எல்லா முடிவும் சரியாத்தான் இருக்கு, அதுதான் கடுப்பா இருக்கு.

கணக்குப்பிள்ளை:
கடுப்பாகி என்ன பண்ண. 71 கோடி போட்டது இன்னிக்கு அந்தக் கம்பெனியோட விளம்பர வருமானத்துல பெரும் பங்கு. போர்டுல உக்காந்திருந்தா நீங்களும் அதே பட்டனத்தான் நகத்தியிருப்பீங்க.

செவ்வகம்:
ப்ளஸ் பட்டன நகத்தியிருக்க மாட்டேன் சார் 😄

ஓஎம்ஆர்_பிஎம்:
அதிகாரம் முழுசாக் கையில இருந்தா ஜெயிச்சுடலாம்னு செவ்வகம் ப்ரோ சொல்றீங்க, அதே ரெண்டு பேரு வெளிய வந்து ஆர்ட்டிஃபேக்ட்னு செய்தி ஆப் பண்ணாங்க, 2023 ஜனவரி. சுத்தமான டிசைன், யாரும் மேல இல்ல, எல்லா 'வேண்டாம்'மும் அவங்களோடது. ஒரே வருசத்துல, சந்தை அவ்வளவு பெருசா இல்லன்னு மூடுறதா அறிவிச்சுட்டாங்க, அப்புறம் யாஹூ வாங்குச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

செவ்வகம்:
சந்தை இல்லன்னு தெரிஞ்சதும் ஒரு வருசத்துல மூடுனாங்கல்ல, அதுவும் அதிகாரம் இருந்ததாலதான் முடிஞ்சுது. பெரிய கம்பெனிக்குள்ள இருந்திருந்தா ஐஜிடிவி மாதிரி இழுத்துருப்பாங்க. 2018 ஜூன்ல ஒரு மணி நேர நெட்டுக்குத்து வீடியோன்னு விட்டாங்க, ஓடல, ஹோம் ஸ்க்ரீன்ல இருந்த பட்டன எடுக்கவே 2020 ஜனவரி ஆச்சு. ஆமா, விட்டதும் சிஸ்ட்ராம் காலத்துலதான், நீங்க டைப் பண்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

சும்மாதான்வந்தேன்:
படிச்சுட்டே இருந்தேன், ஒரு டவுட். நாங்க டெலிவரி ஆளுங்களுக்கு ஒரு ஆப் பண்றோம், பொருள் குடுத்ததும் வீட்டு வாசல்ல ஒரு போட்டோ எடுத்து ஏத்தணும், நெட் சுமாரான ஏரியா, நிறைய பேரு தினம் ஒன்றரை ஜிபி ப்ளான்ல இருக்காங்க. பாண்டி அண்ணா சொன்ன அந்த முன்னாடியே அப்லோட் பண்ற டெக்னிக் இதுக்கு சரி வருமா? அவங்க டேட்டாவ நாம வீணடிக்கிற மாதிரி ஆகாதா?

பேக்எண்ட்_பாண்டி:
வரும் தம்பி, ஆனா அப்படியே எடுக்காத. உன் ஆளு போட்டோ எடுத்தா பத்துக்கு ஒன்பது தடவ ஏத்தத்தான் போறான், கேன்சல் கம்மி, அதனால வீண் கம்மி. மொதல்ல போன்லயே சுருக்கு, வாசலும் பொருளும் தெரிஞ்சாப் போதும், 12 மெகாபிக்சல் யாருக்கு வேணும். போட்டோ எடுத்ததும் போன்லயே ஒரு ஐடி போட்டுடு, பாதில நெட் போய்த் திரும்ப அனுப்பினாலும் சர்வர்ல ரெண்டா பதியாது. அப்லோட் ஆகுறதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போக விடு, வரிசைல வச்சு சிக்னல் கிடைக்குறப்ப அனுப்பு. கன்ஃபர்ம் ஆகாத ஃபைல சர்வர்ல ஒரு நாள் வச்சுட்டு அழிச்சுடு, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு ஸ்டோரேஜ் பில் பாத்து மயக்கம் போடுவ.

ஒண்ணு மட்டும் கவனம். ஹார்ட்ட முன்னாடியே செவக்க வச்ச மாதிரி இங்க பச்சை டிக் முன்னாடியே காட்டாத. லைக் போகலன்னா ஒண்ணும் ஆகாது, டெலிவரி பதியலன்னா அந்தப் பையன் சம்பளத்துல பிடிப்பாங்க. 'போன்ல இருக்கு', 'அனுப்பியாச்சு'ன்னு ரெண்டு நிலையத் தனியாக் காட்டு.

சும்மாதான்வந்தேன்:
சூப்பர் அண்ணா, ரெண்டு நிலை ஐடியா நாளைக்கே மீட்டிங்ல சொல்றேன். எங்க மேனேஜருக்கு ஸ்க்ரீன்ல பச்சை டிக் உடனே வரணும், டெமோல நல்லா இருக்கணும்னு பிடிவாதம். இந்த இழையோட லிங்க்கையே அனுப்பிடவா?

செவ்வகம்:
பாண்டி ப்ரோ கமெண்ட்ட மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க தம்பி. மேல நான் மேனேஜர்களப் பத்திப் பேசினது நிறைய இருக்கு.